ஜூஸ் ஃப்ரீ... காருக்குத்தான் காசு!

இன்ஜினீயரிங் காலேஜ்ல கால் வெச்ச அன்னிக்கே உங்களுக்கு ஒரு கௌரவப் பதவி ரெடியாகிடுது, பாஸ். சொந்தக்காரங்க யார் கார் வாங்கினாலும் 'டெக்னிக்கல் அட்வைஸர்' நீங்கதான்! "தம்பி இன்ஜினீயரிங்தானே படிக்குது... கூட்டிட்டுப் போங்க"னு பெரியப்பா சொல்லிடுவார். "பெரியப்பா, நான் ஈ.சி.இ."னு கதறினாலும் யாரும் காதுல வாங்க மாட்டாங்க. நீங்களும் ஷோரூமுக்குப் போய், பானெட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே எட்டிப் பார்த்து, எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வருவீங்க. கார்ல பெயின்ட்டும் இருக்கு, இன்ஜினும் இருக்கு. வேலை முடிஞ்சுது!

ஆனா, மேட்டர் பானெட்டுக்குக் கீழே இல்லை. சேல்ஸ்மேன் பிரின்ட் எடுத்து நீட்டுற அந்த ஒத்தை ஏ4 பேப்பர்ல இருக்கு. அதைப் படிக்க தெர்மோடைனமிக்ஸ் தேவையில்லை. எட்டாம் கிளாஸ் வட்டிக் கணக்கு போதும். அதுல கோட்டை விட்டா போறது அப்பாவோட பி.எஃப். பணம், அம்மாவோட சீட்டுப் பணம், அடுத்த ஏழு வருஷ இ.எம்.ஐ! உங்க எஜுகேஷன் லோனும் அதே சம்பளத்துலதான் அடையணும்ங்கிறது ஞாபகம் இருக்கட்டும்.

முதல்ல, டேபிளுக்கு அந்தப் பக்கம் டை கட்டி உட்கார்ந்திருக்கிறவரைத் தெரிஞ்சுக்குவோம். அவர் வில்லன் இல்லை. நல்லாப் பார்த்தா உங்க சீனியராக்கூட இருக்கலாம். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் முடிச்சுட்டு கோர் கம்பெனி கிடைக்காத எத்தனையோ அண்ணன்கள் சேர்ற முதல் வேலை இதுதான். கையில வர்ற சம்பளம் கம்மி, மிச்சமெல்லாம் இன்சென்டிவ். மாசத்துக்கு இத்தனை கார் விக்கணும்னு மட்டும் டார்கெட் இல்லை. அதுல இத்தனை பேர் எங்ககிட்டயே இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கணும், எங்க மூலமா லோன் போட்டிருக்கணும், அக்சசரீஸ் வாங்கியிருக்கணும்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டார்கெட். ஏன்னா, ஒரு புதுக் காரை வித்தா டீலருக்கு நிக்கிறது ரொம்ப மெல்லிசான மார்ஜின்தான். ஷோரூம் வாடகையும், நிறுத்தி வெச்சிருக்கிற ஸ்டாக்குக்கு பேங்க் வட்டியும் போக, அவர் பிழைக்கிறது காரைச் சுத்தி விக்கிற மத்த ஐட்டங்கள்லயும் சர்வீஸ்லயும்தான்.

இது புரிஞ்சா, "சார், உங்களுக்காக 15,000 டிஸ்கவுன்ட்!"னு ஒரு கை குடுக்கும்போது இன்னொரு கை என்ன பண்ணுதுனு தானா கண்ணு தேடும்.

பேப்பரைக் காட்டு பாஸ்!

எக்ஸ்-ஷோரூம் விலைங்கிறது காரோட விலையும் ஜி.எஸ்.டி-யும் சேர்ந்தது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து நாலு மீட்டருக்குள்ள இருக்கிற, 1,200 சி.சி. வரைக்குமான பெட்ரோல் கார்கள், 1,500 சி.சி. வரைக்குமான டீசல் கார்களுக்கு 18 சதவிகிதம். அதுக்கு மேல போனா 40. இந்த நம்பர்ல சேல்ஸ்மேன் கை வைக்க முடியாது. அடுத்த லைன் நம்ம ஊர் லைஃப் டாக்ஸ். இதுலயும் அவர் கை வைக்க முடியாது... ஆனா உங்களை வைக்க வைக்க முடியும். எப்படின்னு கேளுங்க.

தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல டாக்ஸை மாத்தினாங்க. 5 லட்சம் வரைக்கும் 12 சதவிகிதம், 5-ல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13, 10-ல இருந்து 20 லட்சம் வரைக்கும் 18, அதுக்கு மேல 20. பத்து லட்சத்துல கோடு போட்டிருக்காங்க பாருங்க... அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் 13, அந்தப் பக்கம் 18!

இப்ப சீனுக்கு வருவோம். நீங்க பார்த்த மாடல் 9 லட்சத்து 90 ஆயிரம். "சார், ஜஸ்ட் 20,000 சேர்த்தா டாப் வேரியன்ட். சன் ரூஃப் வந்துடும். ஒரு செல்போன் காசு சார்!" குட்டித் தங்கச்சி சன் ரூஃப்னதும் குதிக்கும். 10 லட்சத்து 10 ஆயிரம். கால்குலேட்டரை எடுங்க. பழைய வேரியன்ட்டுக்கு 13 சதவிகிதம்னா டாக்ஸ் 1,28,700. புதுசுக்கு 18 சதவிகிதம்னா 1,81,800. வித்தியாசம் 53,100 ரூபாய். அதோட, 10 லட்சத்தைத் தாண்டினா டி.சி.எஸ்-னு ஒரு சதவிகிதம் பிடிப்பாங்க. அது 10,100. ஆக, 'ஜஸ்ட் 20,000'ங்கிறது மொத்தத்துல 83,200! டி.சி.எஸ். பணத்தை மட்டும் வருமான வரி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், திரும்ப வாங்கலாம். மத்ததெல்லாம் சன் ரூஃப் வழியா பறந்தது பறந்ததுதான். சேல்ஸ்மேன் பொய் சொல்லலை. அவர் சொன்னது எக்ஸ்-ஷோரூம் வித்தியாசம். கேட்க வேண்டியது ஆன்-ரோடு வித்தியாசம்.

அதுக்குக் கீழே ஒரு லைன் இருக்கும். ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், டிப்போ சார்ஜ், டாக்குமென்டேஷன்னு ஊருக்கு ஒரு பேர், ஷோரூமுக்கு ஒரு ரேட்டு. அரசாங்கம் இந்தப் பேர்ல எந்த ஃபீஸும் வாங்குறது இல்லை. "இது எதுக்கு சார்? இதுக்குத் தனி பில் தருவீங்களா?"னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க. பல நேரம் அந்த லைன் சத்தமில்லாம காணாமப் போயிடும். நம்பர் ப்ளேட்டுக்குனு தனி அமவுன்ட் இருந்தாலும் கேளுங்க. 2019 ஏப்ரல் 1-க்கு அப்புறம் தயாராகுற வண்டிகளுக்கு ஹை செக்யூரிட்டி ப்ளேட்டை வண்டியோட சேர்த்தே கம்பெனி தரணும்ங்கிறது ரூல்.

அப்புறம் அந்த அக்சசரீஸ் பேக்! மேட், மட் ஃப்ளாப், சீட் கவர், ஒரு குட்டிப் பிள்ளையார், கார் பெர்ஃப்யூம். "இது கம்பல்சரி சார், எல்லா வண்டிக்கும் வர்றதுதான்". கம்பல்சரியும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. அதே மாதிரி மேட் வெளியில பாதி விலைக்குக் கிடைக்கும். ஒயரை வெட்டி மாட்ட வேண்டிய லைட்டு, மியூசிக் சிஸ்டம் மாதிரி அயிட்டங்களை மட்டும் வெளியில அவசரப்பட்டு மாட்டாதீங்க. எலெக்ட்ரிக்கல் வாரன்ட்டி காலியாகிடும்.

இன்ஷூரன்ஸ் அண்ணாச்சி

டிஸ்கவுன்ட்டைத் திரும்ப வாங்குற இன்னொரு கை எங்கே இருக்குனு கேட்டீங்களே... பெரும்பாலும் இங்கதான்.

ஷோரூம்லதான் பாலிசி எடுக்கணும்னு எந்தச் சட்டமும் கிடையாது. உங்க இஷ்டப்பட்ட கம்பெனியில எடுத்துட்டு வரலாம். "வெளியில எடுத்தா கேஷ்லெஸ் வராது சார்"ங்கிறது அடுத்த டயலாக். நீங்க எடுக்கிற கம்பெனிக்கு அந்த வொர்க்‌ஷாப்போட டை-அப் இருந்தா கேஷ்லெஸ் வரும். அவ்வளவுதான் விஷயம். அந்த லிஸ்ட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்டயே கேட்டு வாங்கிக்கலாம்.

பாலிசிக்குள்ள ரெண்டு பகுதி இருக்கு. ஒண்ணு, தேர்டு பார்ட்டி. நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற பாதிப்புக்கு. சுப்ரீம் கோர்ட் உத்தரவால 2018 செப்டம்பர்ல இருந்து புதுக் காருக்கு இதை மூணு வருஷத்துக்கு மொத்தமா எடுத்தே ஆகணும். ரேட்டை அரசாங்கமே ஃபிக்ஸ் பண்ணுது, அதனால எங்க போனாலும் ஒரே தொகைதான். இன்னொண்ணு, நம்ம வண்டிக்கு ஆகுற சேதத்துக்கான ஓன் டேமேஜ். கம்பெனிக்குக் கம்பெனி மாறுறது இதுதான். ஷோரூம் கொட்டேஷனையும் வெளியில வாங்கினதையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கிறப்போ இந்தப் பகுதியை மட்டும் பாருங்க. ஆனா ஒரு கண்டிஷன்... வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பு, அதாவது ஐ.டி.வி., ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும். ஐ.டி.வி-யைக் குறைச்சுப் போட்டு பிரீமியத்தைக் குறைச்சுக் காட்டுறது ரொம்பப் பழைய வித்தை.

வீட்டுல பழைய கார் இருந்து, அதுல வருஷக்கணக்கா க்ளெய்மே பண்ணலைன்னா உங்களுக்கு ஒரு ஜாக்பாட் இருக்கு. நோ க்ளெய்ம் போனஸ் காருக்குச் சொந்தமில்லை, ஓனருக்குச் சொந்தம்! அஞ்சு வருஷம் க்ளெய்ம் இல்லாம ஓட்டியிருந்தா ஓன் டேமேஜ் பிரீமியத்துல 50 சதவிகிதம் கழிவு. பழைய காரை வித்ததுக்கு அப்புறம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில லெட்டர் வாங்கிட்டா, அதைப் புதுக் காருக்கு மாத்திக்கலாம். நிறைய அப்பாக்களுக்கு இது தெரியாது. சேல்ஸ்மேனும் தானா வந்து சொல்ல மாட்டார்.

"மாசம் எவ்வளவு சார் முடியும்?"

ரொம்ப அன்பா வர்ற இந்தக் கேள்விதான் ஷோரூம்லயே டேஞ்சரான கேள்வி. அப்பா "ஒரு பத்தாயிரம்..."னு இழுத்தார்னு வைங்க, அத்தோட காரோட விலையைப் பத்தின பேச்சே முடிஞ்சுது. இனிமே எல்லாமே பத்தாயிரத்துக்குள்ள அடங்கிடும், வருஷத்தை மட்டும் இழுத்துக்கிட்டே போனா போதும்.

6 லட்சம் லோன், 9.5 சதவிகிதம்னு வைங்க. அஞ்சு வருஷம்னா இ.எம்.ஐ. 12,600 சொச்சம். ஏழு வருஷம்னா 9,800 சொச்சம். மாசம் 2,800 ரூபாய் மிச்சம்னு தோணும். ஆனா மொத்த வட்டி அஞ்சு வருஷத்துல சுமார் 1,56,000. ஏழு வருஷத்துல சுமார் 2,24,000. 'மிச்சம்' பிடிச்சதுக்கு 67,000 ரூபாய்க்கு மேல தண்டம்!

இதைவிட சூப்பர் ஐட்டம், 'ஃப்ளாட் ரேட்'. "பேங்க்ல ஒன்பதரை சார், நம்மகிட்ட வெறும் ஆறு!"ன்னா உஷாராகிடுங்க. ஃப்ளாட்னா, நீங்க அடைச்சுக்கிட்டே வந்தாலும் கடைசி மாசம் வரைக்கும் முழு ஆறு லட்சத்துக்கும் வட்டி. 6 சதவிகிதம், அஞ்சு வருஷம்... வட்டி 1,80,000, இ.எம்.ஐ. 13,000. மேல இருக்கிற ஒன்பதரையோட இ.எம்.ஐ-யை மறுபடி பாருங்க, 12,600! குறையுற அசலுக்கு வட்டிங்கிற பேங்க் கணக்குல பார்த்தா, இந்த 'வெறும் ஆறு' கிட்டத்தட்ட 11-ஐத் தொடுது. சந்தேகம்னா எக்ஸெல்ல 'ரேட்'னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, போட்டுப் பாருங்க. செமஸ்டர்ல படிச்சதுக்கு ஒரு யூஸாவது இருக்கட்டும்.

கணக்கு போடப் பிடிக்காதவங்களுக்கும் வழி இருக்கு. 2024 அக்டோபர் 1-ல இருந்து, லோன் தர்ற பேங்க்கும் ஃபைனான்ஸ் கம்பெனியும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்'னு ஒரு தாளைக் கையில குடுத்தே ஆகணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. பிராசஸிங் ஃபீஸ் உள்பட எல்லாத்தையும் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில எத்தனை சதவிகிதம்னு அதுல ஒரே நம்பரா இருக்கும். கையெழுத்துக்கு முன்னாடி அதைக் கேளுங்க. ரெண்டு இடத்துல வாங்கி அந்த நம்பரை மட்டும் கம்பேர் பண்ணுங்க.

இந்த வித்தைக்கு அமெரிக்காவுல பேரே இருக்கு, 'ஃபோர் ஸ்கொயர்'. பேப்பர்ல நாலு கட்டம். கார் விலை, உங்க பழைய காரோட விலை, கையில கட்டுற முன்பணம், மாசத் தவணை. நாலையும் ஒரே நேரத்துல பேசுவாங்க. பழைய காருக்கு 20,000 ஏத்திக் கேட்டீங்கன்னா, சந்தோஷமா ஏத்திட்டு அதை வேற கட்டத்துல இறக்கிடுவாங்க. நம்ம ஊர்ல 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்' நடக்கிறதும் இதே ரூட்லதான். பழைய காருக்கு வெளியில ரெண்டு இடத்துல விலை கேட்டுட்டுப் போனாதான், போனஸ் உண்மையிலேயே போனஸா, இல்லை நம்ம காசையே ரிப்பன் கட்டித் தர்றாங்களானு தெரியும்.

யார் முகத்தைப் பார்த்துப் பேசுறாங்க?

சிகாகோ பக்கம் ஒரு சோதனை பண்ணினாங்க. இயான் அயர்ஸ், பீட்டர் சீகல்மேன்னு ரெண்டு பேர், ஆட்களுக்கு ஒரே மாதிரி டிரெயினிங் குடுத்து, ஒரே டயலாக்கைச் சொல்லிக் குடுத்து, புதுக் கார் டீலர்கள்கிட்ட 300-க்கும் மேற்பட்ட தடவை பேரம் பேச அனுப்பினாங்க. 1995-ல வெளியான அந்த ஆராய்ச்சியில தெரிஞ்சது... வெள்ளைக்கார ஆம்பளைங்களுக்குச் சொன்ன விலையைவிட பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் சொன்ன விலை அதிகம். காரும் அதே, பேரமும் அதே, முகம் மட்டும்தான் வேற!

நம்ம ஊர் ஷோரூம்ல நீங்களே கவனிச்சுப் பாருங்க. லோன் அம்மா பேர்ல இருக்கும். ஓட்டப்போறதும் அம்மாவா இருக்கும். ஆனா கியர், மைலேஜ், டார்க் எல்லாம் அப்பா பக்கம் திரும்பித்தான் விளக்குவாங்க. அம்மாகிட்ட, "கலர் எது மேடம்?" இதைப் பார்த்தா எனக்கு எரியும். டெஸ்ட் டிரைவ்ல டிரைவர் சீட்ல முதல்ல அம்மாவை உட்கார வைங்க. க்ளட்ச்சுக்குக் கால் எட்டுதா, பின்னாடி பார்க்கிற கண்ணாடி சரியாத் தெரியுதா, நம்ம தெரு முனையில யூ டர்ன் எடுக்க முடியுதானு அவங்க சொல்லட்டும். ஷோரூம்காரங்க கூட்டிட்டுப் போற வழவழ பைபாஸ்ல எந்த காரும் சூப்பராத்தான் ஓடும். மேடு பள்ளம் இருக்கிற உங்க ஏரியாவுக்கு விடச் சொல்லுங்க.

ஆடியில பேசு... ஆவணியில எடு!

மாசக் கடைசி நாலு நாள்ல சேல்ஸ்மேனுக்கு டார்கெட் டென்ஷன். அப்போ பேரம் பேசினா ஒர்க் அவுட் ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நம்ம ஊருக்குனு ஸ்பெஷலா ஒரு சீஸன் இருக்கு, ஆடி! புது வண்டி எடுக்க மாட்டோம்னு பாதிப் பேர் வீட்டுல உட்கார்ந்திருப்பாங்க. ஷோரூம் ஈ ஓட்டும். அப்போ போய் உட்கார்ந்தா ஜூஸோட மரியாதையும் ரெண்டாவது ரவுண்டு வரும். சென்டிமென்ட் பார்க்கிற வீடுன்னா, பேரத்தை ஆடியில முடிச்சு டெலிவரியை ஆவணியில வெச்சுக்கலாம். ஒண்ணே ஒண்ணு... 'டெலிவரி அன்னிக்கு என்ன விலையோ அதுதான்'னு புக்கிங் ஃபார்ம்ல பொடி எழுத்துல இருக்கும். அதனால பேசின டிஸ்கவுன்ட்டை ரூபாய்க் கணக்குல எழுதி, சீல் வெச்சு வாங்கிடுங்க. புக்கிங் பணத்தை டீலர் கம்பெனி அக்கவுன்ட்டுக்கே போடுங்க, எந்த அண்ணனோட பர்சனல் நம்பருக்கும் வேண்டாம். கேன்சல் பண்ணினா எவ்வளவு பிடிப்பாங்கனும் அதே ஃபார்ம்ல பாருங்க. பிரச்னை வந்து ஷோரூம்ல கை விரிச்சா, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915.

"ஜனவரியில விலை ஏறுது சார்"ங்கிறது அநேகமா எல்லா டிசம்பர்லயும் உண்மை. அவர் சொல்லாம விடுற இன்னொரு உண்மை, டிசம்பர்ல தயாரான கார் அடுத்த மாசமே 'போன வருஷ மாடல்' ஆகிடும்ங்கிறது. பத்து வருஷம் நாமே ஓட்டப்போறோம்னா டிசம்பர் ஆஃபரைத் தாராளமா வாங்கலாம். மூணு வருஷத்துல மாத்துற ஆள்னா யோசிக்கணும்.

எலுமிச்சம்பழம் எங்கே இருக்கு?

டெலிவரி அன்னிக்கு டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குறோம் இல்லையா? அமெரிக்காக்காரங்க பேச்சு வழக்குல மட்டமான காருக்குப் பேரே எலுமிச்சை, 'லெமன்'! ஜார்ஜ் அகர்லாஃப்னு ஒரு பொருளாதார நிபுணர் 1970-ல பழைய கார் மார்க்கெட்டை வெச்சே ஒரு கட்டுரை எழுதினார். கார் நல்லதா, லெமனானு விக்கிறவருக்குத் தெரியும், வாங்குறவருக்குத் தெரியாது. அதனால வாங்குறவர் பயந்து எல்லாக் காருக்கும் குறைச்சே விலை கேட்பார். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாம நல்ல கார் வெச்சிருக்கிறவங்க விலகிடுவாங்க. கடைசியில மார்க்கெட்ல லெமன்கள்தான் மிஞ்சும். இந்த லாஜிக்குக்கு 2001-ல நோபல் பரிசே குடுத்தாங்க!

புதுக் கார்லயும் அந்தத் தகவல் இடைவெளி கொஞ்சம் இருக்கு. யார்டுல மாசக்கணக்கா வெயில்ல கிடந்த வண்டி எது, நேத்து லாரியில வந்து இறங்கினது எதுனு அவங்களுக்குத் தெரியும். நமக்கு? இங்கதான் டெக்னிக்கல் அட்வைஸருக்கு நிஜமான வேலை. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடியே வண்டியைப் பார்க்கணும்னு கேளுங்க. உங்க பேர்ல ரெஜிஸ்டர் ஆகிட்டா, அப்புறம் "வேற வண்டி குடுங்க"னு சொல்றது ரொம்பக் கஷ்டம். பகல் வெளிச்சத்துல போங்க. சேஸிஸ்ல இருக்கிற 17 எழுத்து வின் நம்பரை போட்டோ எடுங்க. பெரும்பாலான கம்பெனிகள்ல பத்தாவது எழுத்துதான் வருஷம். 'எஸ்'னா 2025, 'டி'னா 2026. மாசம் எந்த எழுத்துங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கவலை வேண்டாம். ஷோரூம் தர்ற ஃபார்ம் 21-ல தயாரான மாசமும் வருஷமும் எழுதியே இருக்கும். டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் பாருங்க, 2325-னா 2025-ம் வருஷம் 23-வது வாரம். அஞ்சு டயரையும் பாருங்க. ஸ்டெப்னியைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க.

டெலிவரி டே-ல கேக் வெட்டி, அட்டைச் சாவியோட போட்டோ எடுத்து, பூசணிக்காய் சுத்தி எல்லாம் ஜாம்ஜாம்னு முடியும். ரெண்டு மூணு நாள்ல கம்பெனியில இருந்து ஒரு போன் வரும். "எங்க டீலர் சேவைக்கு பத்துக்கு எத்தனை மார்க் தருவீங்க?" அதுக்கு முன்னாடியே சேல்ஸ்மேன் அண்ணன் போன் பண்ணி, "பத்துக்குப் பத்து சொல்லிடுங்க சார், ஒன்பதுன்னாக்கூட எனக்கு இன்சென்டிவ் கட்டாகிடும்"னு கெஞ்சுவார். அது நிஜமாவே அவர் பொழப்பு. நல்லா நடந்துக்கிட்டவர்னா தயங்காம பத்து குடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டாவது சாவி, ஒரிஜினல் பில், இன்ஷூரன்ஸ் பாலிசி, 'அடுத்த வாரம் தர்றேன்'னு சொன்ன அந்த மேட்... எல்லாம் கைக்கு வந்துடுச்சானு ஒரு தடவை எண்ணிட்டு போனை எடுங்க.